முதலாவதையே வாங்கிக்கோ அக்கா

அவனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் சர்வர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் அம்மா உறவுக்காரர் ஒருவரிடம் பெருமை பொங்க, "பையன் பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் சர்வர் எல்லாம் பார்த்துக்கறான்" என்று சொன்னாள். அவர் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு, "ஏம்மா, இவ்வளவு படிச்சுட்டு சாப்பாட்டுக் கடையில சர்வராவா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒட்டிய பெயர், பதினான்கு வருடமாகியும் உரியவில்லை.

பெயரோடு ஒரு பொறுப்பும் ஒட்டிக்கொண்டது. குடும்பத்தில் யார் எதை வாங்கினாலும், அதற்கு ஒரு வயர் இருந்தால் போதும், சர்வரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். போன், டிவி, வெந்நீர் போடும் ஹீட்டர் வரைக்கும் வந்துவிட்டது. முதல் இரண்டு வருடம் அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் அலுத்துவிட்டது. அலுத்த பிறகு ஒரு வித்தை கற்றுக்கொண்டான். கேட்டால் உடனே சொல்லக்கூடாது. ஒரு நாள் விட்டு, ஏதோ ஒன்றை அடித்துச் சொல்லிவிட வேண்டும். தயங்கிச் சொன்னால் பத்து கேள்வி வரும். அடித்துச் சொன்னால் அதோடு ஆளை விடுவார்கள்.

அவனுடைய அக்கா மட்டும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. ஆறு வயது மூத்தவள். ஒரு வக்கீல் ஆபீஸில் இருபத்திரண்டு வருடம் தட்டச்சு செய்தாள். முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். பத்து விரலாலும், பொத்தானைப் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே அடிப்பாள். பெரிய வக்கீல், "அந்தம்மா விரலுக்கு என் வாய் ஈடு கொடுக்காது" என்று கட்சிக்காரர்களிடம் சொல்வாராம். அவருக்கு முடியாமல் போய் ஆபீஸை மூடியபோது அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. வீட்டில் ஆறு மாதம் சும்மா இருந்தாள். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. மூன்று லேப்டாப்களின் படம், கடையில் அவளே எடுத்தது. கூடவே ஒரு குரல் செய்தி. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி.

அன்றைக்கு அவன் ஆபீஸில் காலையிலிருந்து பாதிப் பேருக்கு மெயில் வரவில்லை. மேனேஜர் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான்கு நிமிடமா, அப்புறம் கேட்போம் என்று வைத்தான். மறுநாள், "பார்த்தியாடா?" என்று ஒரு வரி வந்தது. அதற்கும் அப்புறம் என்று வைத்தான். அதற்கு மறுநாள் மத்தியானம், கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்கும்போது அக்காவே கூப்பிட்டாள். எடுக்காமல் விட்டான். மனசு கொஞ்சம் குறுகுறுத்ததால் செய்தியைத் திறந்தான். மூன்று படமும் கட்டைவிரல் அளவில் தெரிந்தன. பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"முதலாவதையே வாங்கிக்கோ அக்கா. நல்ல மெஷின்" என்று எழுதி அனுப்பினான். வரிசை இரண்டு அடிகூட நகர்ந்திருக்காது.

அடுத்த நிமிடம் மறுபடி போன். இந்த முறை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

"நல்லா பார்த்தியாடா?"

"ரெண்டு நாளா உக்காந்து ஒண்ணொண்ணா ஒத்துப் பார்த்தேன்க்கா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

அந்த இரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்படியா? எனக்கென்னமோ அந்த மூணாவது..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி விடு. நீ இவ்வளவு பார்த்துச் சொல்லும்போது எனக்கென்ன தெரியும். சாப்பிட்டியா?"

"சாப்பிடப் போறேன்க்கா."

அவன் சாப்பிட்டான். அக்கா சாயங்காலமே கடைக்குப் போய் முதலாவதை வாங்கிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவியிடம் அக்கா போனில் பேசினாள். பேசி முடித்ததும் மனைவி அவனைப் பார்த்த பார்வை சரியில்லை.

"உங்க அக்காவுக்காக ரெண்டு நாள் உக்காந்து லேப்டாப் பார்த்தீங்களாமே. எந்த ரெண்டு நாள்?"

அவன் சிரித்து மழுப்பினான். மனைவி மருந்துக்கடையில் மருந்தாளுநர். அவள் சிரிக்கவில்லை. "சீட்டைப் படிக்காம நான் மாத்திரை எடுத்துக் குடுத்தா என்னை உள்ள தூக்கி வெச்சிடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அவனும் அதை அன்றோடு மறந்துபோனான்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு விடுமுறை நாள் காலையில் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். மாடிப்படியில் கீழ்வீட்டு அம்மா வழிமறித்தாள்.

"நீங்கதானே அந்த லேப்டாப் தம்பி? உங்க அக்கா சொல்லி நானும் அதையே வாங்கிட்டேன். வெளியூர்ல இருக்கற பொண்ணு முகத்தை தினம் வீடியோல பார்க்கறேன். ரொம்ப நல்ல மெஷின் தம்பி, நல்லா இருக்கணும் நீங்க!"

அவன் நெளிந்துகொண்டே நன்றி சொன்னான். பின்னால் மனைவி லேசாக இருமினாள்.

அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை. அதன்மேல் லேப்டாப் மூடியிருந்தது. தூசி படாமல் ஒரு துணி போர்த்தியிருந்தாள். பக்கத்தில் ஒரு ரப்பர் பந்து, வலிக்குத் தடவும் தைலம், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த ஒரு உறை.

"கைக்கு என்னக்கா?"

"அதான் டெஸ்ட்டுல கோட்டை விட்டேனே. டெஸ்ட் இருக்குன்னு உன்கிட்டதான் சொன்னேனே, அந்த மெசேஜ்ல."

எந்த டெஸ்ட் என்று கேட்க முடியாது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். "ஆமாமா" என்று தலையாட்டினான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவளுக்காக விவரமாகச் சொன்னாள். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் ஒரு கம்பெனி. வீட்டிலிருந்தே வேலை. சேர்வதற்கு ஒரு மணி நேரப் பரீட்சை. காதில் பேச்சு ஓட ஓட அடித்துக்கொண்டே போக வேண்டும். வேகம் போதாது, பிழை அதிகம் என்று திருப்பிவிட்டார்கள்.

"அடிச்சது நான்தான். ஆனா ஸ்க்ரீன்ல பார்த்தா பாதி எழுத்தைக் காணோம். அப்புறமும் தினம் அடிச்சுப் பழகிப் பார்த்தேன், தேறலை. டாக்டர் கிட்டப் போனேன். நரம்புக்கெல்லாம் டெஸ்ட் எடுத்தாரு. கையில ஒண்ணும் இல்லம்மா, வயசாகுதுல்லன்னாரு. இந்தப் பந்தை அமுக்கச் சொன்னாரு, அமுக்கிக்கிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.

அவன் மேஜைப் பக்கம் போனான். "அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் போடேன்க்கா, பார்க்கறேன்."

அது எழுந்து வருவதற்குள் மாமா உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அக்காவின் கணவரான அவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் பேசுவது குறைவு, கை பேசுவது அதிகம்.

"ஏதாவது அடிச்சுக் காட்டுக்கா."

அக்கா உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. விரல்கள் இறங்கின. பக்கத்தில் நின்ற அவன் திரையைப் பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தான். ஒரு விரலும் தவறவில்லை. எல்லாப் பொத்தானும் அழுந்தியது. அவள் வாக்கியத்தை முடித்துக் கையை எடுத்த பிறகும் திரையில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. வந்ததில் ஆங்காங்கே ஓட்டை.

"பார்த்தியா?" என்றாள் அக்கா. "விரல் எழுத்தை விட்டுட்டு ஓடுது."

விரல் விடவில்லை. மெஷின் விழுங்கியது. நினைவகம் போதாத, வீடியோ பார்ப்பதற்கும் பில் கட்டுவதற்கும் மட்டும் ஆகிற மெஷின். அதோடு, பொத்தானின் ஓரத்தில் தொட்டால் எழுத்தைப் பிடிக்காத மட்டமான கீபோர்டு. ஆபீஸில் வேறு யாராவது இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், "எவன் இதை உங்க தலையில கட்டினான்?" என்று அவனே கேட்டிருப்பான். கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கும்போது அந்த ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"மெஷினைக் குறை சொல்ல முடியாது. சர்வர் பார்த்து எடுத்தது."

"அதானே" என்றாள் அக்கா. "அவன் ரெண்டு நாள் மெனக்கெட்டான்."

திறந்த வாயை அவன் காபிக்குக் கொடுத்தான். பிறகு ஒப்புக்கு உட்கார்ந்து நாலு வேண்டாத கோப்புகளை அழித்து, "கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டேன்க்கா" என்றான். அக்கா அதற்கும் நன்றி சொன்னாள்.

திரும்பும் வழியில் மனைவி காய்கறி வாங்க இறங்கினாள். அவன் காரிலேயே உட்கார்ந்து போனை எடுத்தான். மூன்று மாதத்துக்கு மேலே தள்ளிப் போய், அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பிடித்தான். குரல் செய்தி கேட்கப்படாமல் அப்படியே இருந்தது. அழுத்தினான்.

"தம்பி, நான்தான்டா. கடையில இருந்து பேசறேன், அதான் இரைச்சல். மூணு பார்த்து வெச்சிருக்கேன். முதலாவது அழகா இருக்கு, கையில எடுத்தா பூ மாதிரி இருக்கு. ஆனா அடிச்சுப் பார்த்தா பொத்தான் இறங்கினதே விரலுக்குத் தெரியல, தண்ணி மேல அடிக்கற மாதிரி. மூணாவது கனம்தான். ஆனா அதுல விரல் வெச்ச உடனே எங்க வக்கீல் ஆபீஸ் மெஷின் ஞாபகம் வந்துருச்சு. டக்கு டக்குன்னு விழுது. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும், நீதான் பார்த்துச் சொல்லணும். அப்புறம் இன்னொண்ணு. ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன்..." வேலையைப் பற்றி, பரீட்சையைப் பற்றி, எல்லாம் சொல்லியிருந்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மாமாகிட்டகூட இன்னும் சொல்லலடா. கிடைச்சா சொல்லலாம்னு. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். ஆறு மாசமா வீட்டுல உக்காந்து எனக்கு என் மேலேயே சலிப்பா இருக்கு. சரி, கடைக்காரர் பார்க்கறாரு, வெச்சிடறேன்."

மனைவி பையோடு வந்து கதவைத் திறந்தபோது அவன் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். அவன் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். அவள் உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள்.

"சொல்லிடுங்க" என்றாள்.

"வேற ஒண்ணு நல்லதா வாங்கிக் குடுத்துடறேன்."

"வாங்கிக் குடுத்தா? கையில கோளாறு இல்லைன்னு அவங்களுக்கு யார் சொல்றது?"

இருந்தாலும் மனுஷன் லேசில் விடுவானா, குறுக்கு வழி ஒன்றைப் பார்த்தான். மறுநாள் அக்காவைக் கூப்பிட்டு, "ஆபீஸ்ல புது லேப்டாப் ஒண்ணு சும்மா கிடக்குக்கா, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டான். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று.

"எதுக்குடா? இருக்கறதுக்கு என்ன குறை? குறை என் கையில இருக்கு" என்றாள் அக்கா. "அதுவும் இல்லாம நான் ஒரு வேலைக்கு ஒத்துக்கிட்டேன். ஒண்ணாம் தேதியில இருந்து போகணும். பெரிய கடைவீதியில கார் நிறுத்தற இடம் இருக்குல்ல, அங்க கூண்டுக்குள்ள உக்காந்து சீட்டு கிழிச்சுக் குடுக்கணும்." பிறகு சிரித்தாள். "கிழிக்கறதுக்குப் பத்து விரல் வேண்டாம் பாரு."

அந்தச் சிரிப்பு அவனை விடவில்லை. ஆபீஸில் யாராவது தடதடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து போய்விடத் தோன்றியது. ஒருநாள் மத்தியானம் வேண்டுமென்றே அந்தக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனான். தூண் மறைவிலிருந்து பார்த்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் நீலச் சட்டை போட்ட அக்கா. ஒரு கார் வரும், சீட்டைக் கிழித்து நீட்டுவாள். அடுத்த கார் வரும்வரை கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வாள். விரல்கள் மட்டும் மடியிலேயே மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. என்ன அடிக்கிறாள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. கூண்டுப் பக்கம் போகத் தைரியமில்லாமல், வந்த வழியே திரும்பிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு அவன் தனியாகப் போனான். மாமா ஸ்டூல் மேல் ஏறி கூடத்து டியூப்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். தனியாகச் சொல்லலாம் என்றுதான் வந்தான். மாமா இறங்கும்வரை காத்திருந்தால் தைரியம் இறங்கிவிடும் என்று தோன்றியது.

"அக்கா, உன் கையில ஒண்ணுமில்ல. மெஷின்தான் சரியில்ல. நான் பார்க்காமலே சொல்லிட்டேன்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"எதைப் பார்க்கல?"

"எதையுமே. நீ பேசி அனுப்பினதையும் கேட்கல."

"எப்பத்தான் கேட்ட?"

"போன மாசம். இங்க வந்துட்டுப் போனேன்ல, அன்னைக்கு."

"அப்ப ரெண்டு நாள் உக்காந்து பார்த்தேன்னு சொன்னது?"

"பொய்."

"எவ்வளவு நேரம் பார்த்த?"

"பத்து செகண்ட்."

"பத்தா?"

"அதுகூட இருக்காதுக்கா."

இருபத்திரண்டு வருடம் குறுக்கு விசாரணையை எழுத்துப் பிசகாமல் அடித்தவள். குரலை உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே போனாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என் கை நல்லாத்தான் இருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. நீ அடிச்சுக் காட்டினப்பவே."

"தெரிஞ்சும் காபி குடிச்சுட்டுப் போன."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதுக்கப்புறம்தான்டா நான் அந்தக் கூண்டுல போய் உக்காந்தேன்." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "லேப்டாப் போனாப் போகுது. பார்க்க நேரமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் பிடிச்சதை நானே வாங்கியிருப்பேன். மூணாவதைக் கையில எடுத்துட்டுத் திரும்ப வெச்சேன், தெரியுமா? தம்பி சொல்லிட்டான்னு கடைக்காரர்கிட்ட பெருமையா வேற சொன்னேன். மூணு மாசமா என் விரலை நானே திட்டிக்கிட்டு இருந்தேன்டா. சும்மா இருந்த கைக்குத் தைலம் தடவிக்கிட்டு இருந்தேன்."

ஸ்டூல் மேலிருந்த மாமா இன்னும் இறங்கவில்லை. கழற்றிய டியூப்லைட்டைக் கையில் பிடித்தபடியே பேசினார்.

"லிஃப்ட்டுல ஆள் மாட்டிக்கிட்டா நாங்க வெளியில இருந்து முதல்ல என்ன சொல்வோம் தெரியுமா? உங்க மேல தப்பு இல்லைங்க, மெஷின் கோளாறுன்னுதான். கதவைத் திறக்கறது அப்புறம். அதைச் சொன்னாத்தான் உள்ள இருக்கறவங்களுக்குப் பயம் போகும். நீ மூணு மாசம் கழிச்சு வந்து சொல்ற."

அவர் அவ்வளவு பேசி அவன் அதுவரை கேட்டதில்லை.

அக்கா எழுந்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். தட்டு வைத்தாள், பரிமாறினாள். வழக்கம்போல் இரண்டாவது முறையும் போட்டாள். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. பத்தாம் நாள் ஒரு வரி வந்தது: "சனிக்கிழமை பத்து மணி. கடைக்கு வா. நான் கேட்டாத்தான் பேசணும்."

பத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய் நின்றான். அக்கா கைப்பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தாள். பழைய ஆபீஸில் அடித்த ஒரு மனுவின் நகல். கடைக்குள் போனதும் நேராக மூன்றாவது மாடலைக் கேட்டாள். அது நின்றுபோய் ஒரு மாதமாகிறது, இனி வராது என்றார்கள். அக்கா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுவே அவனுக்கு அறைந்ததுபோல் இருந்தது.

பிறகு வரிசையாக இருந்த ஒவ்வொரு லேப்டாப் முன்னாலும் நின்று, மேற்படி மனுதாரர் என்று ஆரம்பித்து அந்த மனுவின் முதல் பத்தியை முழுசாக அடித்தாள். விற்பனைப் பெண் கூடவே வந்து, "ஆன்ட்டி, இதுல கேம்கூட சூப்பரா விளையாடலாம்" என்றாள்.

"எனக்கு விளையாட வேண்டாம்மா. அடிச்சா எழுத்து விழணும்."

விற்பனைப் பெண் அவனிடம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க."

"அவங்ககிட்ட கேளுங்க" என்றான்.

அந்தக் கடையில் எதுவும் ஒத்துவரவில்லை. அடுத்த கடை. அதற்கடுத்தது. நின்று நின்று அவன் கால் கடுத்தது, அக்கா அசரவில்லை. மூன்றாவது கடையில் ஒன்றன்மேல் விரல் வைத்தவள், பத்தி முடிந்தும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனாள். இரண்டாவது பத்தி, மூன்றாவது பத்தி. முகத்தில் அவன் பல மாதமாகப் பார்க்காத ஒன்று தெரிந்தது. சட்டென்று நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"இது தேங்காம ஓடுமா? அதை மட்டும் சொல்லு."

அவன் அதன் முன்னால் உட்கார்ந்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். பேச்சு ஒன்றை ஓடவிட்டு, கூடவே திரையில் பத்து பக்கங்களைத் திறந்து வைத்து, அக்காவை மறுபடி அடிக்கச் சொன்னான். இருபது நிமிடம் ஆனது. அவளுக்குப் பிடித்துவிட்டது, சரி என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அது சரியில்லை.

"இப்ப ஓடும்க்கா. ஒரு வருஷம் போனா இழுக்கும். இதே கீபோர்டுல உள்ள இன்னும் பலமா ஒண்ணு வருது. அது இங்க இல்ல. வரவழைக்கணும், பத்து நாள் ஆகும்."

"பார்த்துத்தான் சொல்றியா?"

"பார்த்துத்தான் சொல்றேன்."

அக்கா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே படித்தாள். பிறகு கடைக்காரரிடம் வரவழைக்கச் சொன்னாள். பணம் கொடுக்க அவன் முன்னால் போனபோது கையை நீட்டித் தடுத்தாள். "நீ குடுத்தா அது உன் மெஷின் ஆயிடும். இது என் மெஷினா இருக்கட்டும்." வெளியே வந்ததும், "அந்தப் பழசை நீ எடுத்துட்டுப் போ. வீட்டுல வெச்சு ஆபீஸ் வேலையெல்லாம் அதுலயே பாரு" என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்து லேசாகச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனான்.

முதலில் திருப்பிவிட்ட கம்பெனி ஒரு வருடத்துக்கு மறுபரீட்சை கிடையாது என்று சொல்லிவிட்டது. அக்கா கேட்டுப் பார்த்தாள், மசியவில்லை. வேறு ஒரு இடத்துக்கு எழுதிப் போட்டாள். விசாரணைப் பதிவுகளை எழுத்தாக்கும் இடம். சட்டச் சொற்கள் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை ஒரு மணி நேரம். தேறியதும் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் அப்போது ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் கூரை மேல் உட்கார்ந்திருந்தாராம், அங்கிருந்தே கத்தினாராம். தம்பிக்கு அந்தச் செய்தி மாமா மூலமாக, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

இப்போது அக்கா காலையில் நான்கு மணி நேரம் அந்த வேலை பார்க்கிறாள். கூண்டு வேலையை மாதக் கடைசியோடு விட்டுவிட்டாள். தைலமும் பந்தும் மேஜையில் இல்லை. தம்பியோடு முன்புபோலவே பேசுகிறாள், சிரிக்கிறாள், சர்வர் என்று கேலி செய்கிறாள். நடந்ததை அம்மாவிடமோ மற்ற உறவுக்காரர்களிடமோ மூச்சுவிடவில்லை. அதனால் எல்லோரும் இன்னும் அவனைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். யாராவது அக்கா எதிரிலேயே, "சர்வர் சொன்னா அப்பீலே கிடையாது" என்று சொன்னால், அவன் காது சூடாகிவிடும். அக்கா வேறு பக்கம் பார்ப்பாள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். குளியலறைப் பக்கம் புது வாஷிங் மெஷின் ஒன்று நின்றது.

"எப்பக்கா வாங்கின?"

"ஆச்சுடா, மூணு வாரம்."

என்னைக் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான், மூடியைத் திறந்து பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

"நல்லதாத்தான் எடுத்திருக்க."

"நாலு கடை ஏறி இறங்கினேன்" என்றாள் அக்கா. "வா, சாப்பிடலாம்."